உங்களுக்குத் தெரியுமா? குண்டு வேலி தாண்டக் கூடாது!

இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் காலி டப்பாவை நிறுத்திவைத்து ஏர்கன்னால் சுடுவது குற்றமல்ல. 12 அடி-பவுண்டு (சுமார் 16 ஜூல்) ஆற்றலைத் தாண்டாத சாதாரண ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸும் வேண்டாம். 18 வயது நிரம்பியவர் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

சிக்கலெல்லாம் வேலியில்தான். ஒரே ஒரு ஈயக் குண்டு பக்கத்து வீட்டு எல்லைக்குள் பறந்தாலும் குற்றம். யாருக்கும் அடிபடவில்லையே என்ற வாதம் எடுபடாது. 1,000 பவுண்டு வரை அபராதம் விழும். பக்கத்து வீட்டுக்காரர் முன்பே சம்மதித்திருந்தால் தப்பலாம். (அப்படிச் சம்மதிக்கிற புண்ணியவான் எந்தத் தெருவில் இருக்கிறாரோ!) அதனால் விவரமானவர்கள் இலக்குக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி வைப்பார்கள். அதன் சாய்வான தகட்டில் மோதிய குண்டு நசுங்கி உள்ளேயே விழுந்துவிடும்.

வீடு சாலையோரம் என்றால் இன்னொரு கண்டம்: சாலை நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, போகிறவர் வருகிறவருக்கு ஆபத்தோ இடையூறோ நேர்ந்தால் அது தனி வழக்கு.

ஸ்காட்லாந்தில் கதையே வேறு. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே இதே ஏர்கன்னை வைத்திருக்கவே தகுந்த காரணம் காட்டிப் போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும்.