வழங்கியது யார்? கேட்டது யார்?
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இத்தொடரில் கவிதையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொள்வது இலக்கிய அந்தஸ்து எதுவும் இல்லாத உரைநடை. சட்ட வாசகம், ஆணைக்குழு அறிக்கை, பாடநூலில் வரும் வரலாற்றுப் பந்தி ஆகியவற்றைச் சொல்கிறேன். தமிழ் வகுப்பில் கம்பனின் ஒரு பாட்டுக்கு மூன்று பாடவேளை தாராளமாகக் கிடைக்கும். தகவற் பந்திக்கோ 'கிரகித்தல்' என்ற பெயரில் இருபது நிமிடம்தான். மாணவன் வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுவான். புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வன்னியில் ஓர் இந்துக் கல்லூரியில் 10ஆம், 11ஆம் தரங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் நான். சில ஆண்டுகளாக, கிரகித்தலுக்கு எங்கள் நாட்டின் வாக்குரிமை வரலாற்றை எடுத்து வருகிறேன். சொற்கள் யாவும் பழகியவை. அவற்றுக்குள்ளே இருப்பவை பழகாதவை. அதுதான் காரணம்.

முதல் நாள் கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவேன். '1931ஆம் ஆண்டு இலங்கையில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது.' எந்த நூலிலும் காணக்கூடிய வாக்கியம். இதில் எழுவாய் எது என்று கேட்டால், 'வாக்குரிமை' என்று உடனே சொல்வார்கள். சரிதான். செயப்பாட்டு வினையில் செயப்படுபொருள் எழுவாயின் ஆசனத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. கருத்தா 'ஆல்' உருபுடன் ஓர் ஓரத்தில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இங்கே நிற்கவில்லை. எஞ்சி நின்ற சொல்லை வருவித்து உரைப்பது எங்கள் உரையாசிரியர்களின் கைவந்த கலை. நச்சினார்க்கினியரிடம் ஒரு சட்டப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் என்னவெல்லாம் வருவித்திருப்பாரோ என்று நான் சில வேளை எண்ணிச் சிரிப்பதுண்டு.

ஆகவே வருவிக்கிறோம். வழங்கியது பிரித்தானிய முடி. வழி வகுத்தது டொனமூர் ஆணைக்குழு. அது 1927இல் இலங்கைக்கு வந்தது, 1928இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே. சொத்தும் கல்வியும் உள்ள ஆண்கள். அடுத்தது, கேட்டது யார் என்ற வினா. இதில்தான் வகுப்பு விழித்துக்கொள்ளும். இலங்கைத் தேசிய காங்கிரஸ் கேட்டிருக்கும் என்று எல்லோரும் ஊகிப்பார்கள். அக்காங்கிரஸ் வேண்டியது வரையறுக்கப்பட்ட வாக்குரிமையைத்தான். எல்லோருக்கும் வேண்டும் என்று நின்றவர் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. பெண்களுக்கும் வேண்டும் என்று 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் சாட்சியம் அளித்தது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் விடையிறுத்தார் அக்னஸ் டி சில்வா. ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதைச் சிபாரிசு செய்தது. நடைமுறைக்கு வந்தபோது ஆண், பெண் இருபாலாருக்கும் 21 ஆயிற்று. 'வழங்கப்பட்டது' என்ற ஒற்றை வினைமுற்றுக்குள் இத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

எதிர்த்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். இந்துக் கல்லூரியில் நின்றுகொண்டு இதைச் சொல்வது இலகுவன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி நிறுவிய அதே பெருமகன்தான். ஒரு மாணவன் 'சேர், அப்படி இருக்காது' என்று எழுந்தே நின்றுவிட்டான். பள்ளிக்கூட மண்டபத்தில் படமாகத் தொங்குகிறவரைப் பற்றி அவனுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. இரண்டையும் ஒரே பந்தியில் எழுதிக்கொண்டு வா என்றேன். 'ஆனால்' என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று தடவை அடித்து எழுதிக்கொண்டு வந்தான். நான் அந்தப் பந்திக்குப் புள்ளி போடவில்லை. வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

வடபகுதி மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. 1931 தேர்தலில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் வேட்புமனுவே தாக்கல் செய்யப்படவில்லை. புதிய அரசியலமைப்பில் பூரண சுயராச்சியம் இல்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரம் செய்ததன் விளைவு அது. 1934இல்தான் அத்தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது.

இனி மூன்றாவது வினா. 'சர்வசனம்' என்றால் எவரெவர்? இச்சொல்லைக் கண்டதும் பிள்ளைகள் எல்லோரும் என்று எழுதிவிடுவார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளி இடாப்பில் ஏறுவதற்கு இந்நாட்டில் நிரந்தர வதிவிடத்தை நிறுவ வேண்டும். அல்லது சொத்து, கல்வித் தகைமை காட்ட வேண்டும். அல்லது ஐந்தாண்டு வசித்தமைக்கும் நிரந்தரமாகக் குடியமரும் நோக்குக்கும் சான்றிதழ் பெற வேண்டும். 'சர்வ' என்ற அடைமொழிக்குள் ஒரு சல்லடை வைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. அவர்களுள் தலவாக்கலையின் உறுப்பினர் இலக்கிய அன்பர்களுக்குத் தெரிந்தவர். 'நாடற்றவர் கதை'யை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை.

அடுத்த வகுப்புக்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் ஒரு பகுதியை எளிய தமிழில் பெயர்த்துக் கொடுப்பேன். சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவர், தம் தந்தையும் இலங்கையில் பிறந்திருந்தால் வம்சாவளிப் பிரசை. அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். எந்த இனத்தின் பெயரும் இல்லை, வாக்கு என்ற பேச்சே இல்லை. இதனால் பாதிக்கப்படுவோர் யார் என்று கேட்டால், யாருமில்லை என்றே முதலில் எழுதுகிறார்கள். வாசகத்தை மட்டும் பார்த்தால் அவ்விடை பிழையன்று. பிறகு 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தைக் கையில் கொடுப்பேன். அது இலங்கைப் பிரசை அல்லாதவர் வாக்காளர் இடாப்பில் இடம்பெற முடியாது என்று சொல்கிறது. அதிலும் இனப்பெயர் இல்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்கும். ஒவ்வோர் ஆண்டும் அது கேட்டிருக்கிறது. 1952 தேர்தலில் அந்த 7 தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை. பொருள் எந்த ஒரு பனுவலிலும் இல்லை, இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. செய்யுளில் இதைத் தொனி என்று வியக்கிறோம். சட்டத்தில் அது குடும்பங்களின் தலையில் விழுகிறது.

எங்கள் வகுப்புகளில், 1977 வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படி ஒரு மாணவி, 'சேர், எங்க அப்பாயியோட அம்மா நாற்பத்தேழில ஓட்டு போட்டாங்களா?' என்று கேட்டாள். வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டு வரும்படி சொன்னேன். பூட்டி ஒரே ஒரு தடவை வாக்களித்தாராம். அப்பாயி முதல் தடவை வாக்களித்தது நாற்பது வயது கடந்த பிறகாம். அவள் அதை எழுதிய விதம் குறிப்பிடத்தக்கது. 'எங்கள் குடும்பம் வாக்குரிமையை இழந்தது' என்று தொடங்கியிருந்தாள். 'இழந்தது' தன்வினை, தாமே தொலைத்தது போன்ற ஓர் ஒலி அதற்கு உண்டு என்று பக்கத்திலிருந்த தோழி சொன்னாள். 'பறிக்கப்பட்டது' என்று மாற்றினார்கள். அதிலும் கருத்தா இல்லையே என்றான் இன்னொருவன். முடிவில் 'நாடாளுமன்றம் 1949இல் பறித்தது' என்று அமைந்தது. ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு பாடவேளை போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை.

சோதனைக்கு இதனால் என்ன பயன் என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கருத்தாவைத் தேடப் பழகிய பிள்ளை சுருக்கம் எழுதும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தடுமாறுவதில்லை. அந்த அளவில் புள்ளியும் கூடுகிறது. ஆனால் நான் அதற்காக மட்டும் இதைச் செய்யவில்லை என்பதையும் அவர்களிடம் மறைப்பதில்லை.

இந்தத் தவணையில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்கு வந்திருக்கிறோம். இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் இச்சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர், அல்லது அத்தகையவரின் வழித்தோன்றல் என்று பேசுகிறது. ஏன் அந்தத் திகதி, அது எந்தப் பனுவலிலிருந்து வந்து இங்கே நிற்கிறது என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிக்கலாம் என்ற அந்தக் கணக்கை ஒருத்தி கரும்பலகையில் எழுதி, மூன்று வரியிலும் எழுவாயைக் கோடிட்டுவிட்டு, கருத்தாவுக்கு இடம் விட்டிருக்கிறாள். மற்றப் பாதிப் பேர் அடுத்த கிழமை அதை நிரப்ப வேண்டும்.