ட்ரோனில் ஒட்டுண்ணி: வாடகை பேசும் முன் அட்டையைப் பாருங்கள்

மாசிப் பட்டத்தில் நட்ட கரும்புக்கு நாலாம் மாதம் பிறக்கிறது. இடைக்கணுப் புழுவுக்கு ஒட்டுண்ணி விடத் தொடங்கவேண்டிய தருணம் இது. தள்ளிப்போட முடியாது. வாசகர் கடிதங்களும் இதையே சுற்றி வருகின்றன: ட்ரோன் வைத்து விடலாமா, கொடுக்கிற வாடகைக்குப் பலன் உண்டா? கேட்கிறவர்களில் பலர் இரண்டு பூச்சிகளை ஒன்றாக நினைத்திருக்கிறார்கள்.

கைப்பேசியில் சுற்றும் பிரேசில் கரும்புக் காட்டுக் காணொளிகளில் அடிக்கடி பேசப்படுவது கொட்டேசியா என்ற குளவி. அது தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தேடிப்போய் அதன் உடம்பில் முட்டையிடும். ஆசியப் பகுதியைச் சேர்ந்த அந்தக் குளவியை 1970களில் கொண்டுபோய் பிரேசில் பெருக்கிக்கொண்டது. நம் ஊரில், ஒட்டுண்ணி ஏறிய முட்டைகளாக அட்டையில் ஒட்டி விற்கப்படுவது டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். அது அந்துப்பூச்சியின் முட்டையை மட்டுமே அழிக்கும். புழு கணுவைத் துளைத்து உள்ளே போய்விட்டால் இதனால் ஒரு பயனும் இல்லை.

ட்ரோனுக்கு எல்லோரும் சொல்லும் பெருமை வேகம். ஆனால் சுமை எவ்வளவு? வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 2.5 சிசி முட்டை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. அப்படியானால் ஏக்கருக்கு ஒரே ஒரு சிசி அட்டை. அதிலுள்ள முட்டைகளின் எடை ஒரு கிராம்கூடத் தேறாது. இதைச் சுமக்கத் தெளிப்பு ட்ரோனின் 10 லிட்டர் டாங்கி எதற்கு?

அரசு ‘உழவர் ட்ரோன்’ என்று சொல்வது நடைமுறையில் தெளிப்பான் பூட்டிய ட்ரோனைத்தான். 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டம் ட்ரோன் செலவில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியமாக அறிவித்தது. அந்தத் தொகுப்பிலும் இருப்பது திரவ உரமும் பூச்சிமருந்தும் தெளிக்கும் அமைப்பு. ஒட்டுண்ணி விடும் கருவி வேறு. மருந்து ஓடிய டாங்கியில் ஒட்டுண்ணியைப் போட்டால் செத்துவிடக்கூடும்.

ஆனாலும் ட்ரோனை நான் ஒதுக்கவில்லை. அதற்குக் காரணம் வேகம் இல்லை. டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர் பூச்சி. விட்ட இடத்திலிருந்து சுமார் பத்து மீட்டருக்குள்தான் தேடும். கணக்குப் போட்டால் ஏக்கருக்குக் குறைந்தது 13 இடத்தில் அட்டைத் துண்டு வைக்கவேண்டும். இளங்கரும்பில் ஓர் ஆள் நடந்தே கட்டிவிடலாம். ஆறாம் மாதத்தில் தோகை தலைக்குமேல் போய், சுணை அரிக்கத் தொடங்கியதும் யாரும் உள்ளே நுழைவதில்லை. வரப்போரம் இரண்டு இடத்தில் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நடுவயல் அப்படியே கிடக்கிறது. அந்த நடுவயலுக்கு ட்ரோன் உண்மையிலேயே தேவை.

ஆனால் என்னை மலைக்கவைப்பது, ஐரோப்பிய மக்காச்சோள வயல்களில் ஒட்டுண்ணியை அடைத்து வைக்கும் சிறு கூடு. அட்டையிலிருந்து ஒட்டுண்ணிகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெளிவரும். சில நாளில் ஆயுள் முடியும். வயலில் அந்துப்பூச்சி முட்டை கிடைத்தால் அடுத்த தலைமுறை எழும். கிடைக்காவிட்டால் அடுத்த அட்டை வரும்வரை காவல் இல்லை. அந்தக் கூட்டுக்குள்ளோ வெவ்வேறு வயதுடைய ஒட்டுண்ணிகளைக் கலந்து வைக்கிறார்கள். இன்று ஒரு கூட்டம் வெளிவரும். சில நாள் கழித்து இன்னொன்று. அந்துப்பூச்சி இரவுக்கு இரவு முட்டையிடுகிறது என்பதை அறிந்து செய்த வேலை இது. வெயிலும் எறும்பும் எளிதில் அண்டாது. ட்ரோனிலிருந்து வெறும் முட்டையாகத் தூவினால் எறும்புக்கு இரையாகக்கூடும். எட்டு லட்சம் மானியத்தில் ஒரு பங்கை இந்தக் கூட்டுக்கு ஒதுக்கினால் கரும்பு உழவருக்கும் அது போய்ச்சேரும்.

மற்றக் கேள்விகள்:

மனிதரைக் கொட்டுமா? கொட்டாது.

மழை வரும்போல் இருந்தால்? காத்திருங்கள், மாலை வேளை நல்லது.

இடையில் மருந்து அடிக்கலாமா? கூடாது; அடித்தால் அந்தத் தவணை வீண்.

நெல்லுக்கு? இலைச்சுருட்டுப் புழுவுக்கு நட்ட 37, 44, 51ஆம் நாட்களில், ஹெக்டேருக்கு 5 சிசி.

வாடகை ட்ரோனுக்கு உரிமம்? ஓட்டுபவரிடம் பைலட் சான்றிதழ் கேளுங்கள்.

அட்டை வாங்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒட்டுண்ணி ஏறிய முட்டை கறுத்திருக்கும். கறுத்த முட்டையில் ஊசிமுனைத் துளை தெரிந்தால் பூச்சி ஏற்கெனவே பறந்துவிட்டது. வெளுத்துக் கிடந்தால் பெரும்பாலும் அதில் ஒட்டுண்ணி ஏறவில்லை. ஒரு நகத்தளவு வெட்டி, கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பஞ்சால் அடைத்து வையுங்கள். அட்டையில் குறித்த நாளில் குப்பிக்குள் கரும்புள்ளிகள் நடமாடாவிட்டால், அந்த அட்டைக்கு ட்ரோன் வாடகை கொடுக்காதீர்கள். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.