பால் பொங்குமுன்: மனக்கட்டுப்பாடு எப்படி இயங்குகிறது?

சட்டியில் பால் சூடேற ஏற, அதிலுள்ள கொழுப்பும் புரதமும் மேலே திரண்டு ஆடையாகப் படிகின்றன. அடியில் உண்டாகும் நீராவிக்கு வெளியேற வழியில்லை. குமிழ் குமிழாகச் சேர்ந்து, ஒரு கட்டத்தில் ஆடையையும் தூக்கிக்கொண்டு விளிம்பைத் தாண்டுகிறது. அந்தக் கடைசி இரண்டு வினாடியில் ஊதுகிறோம், துணியைத் தேடுகிறோம். பாதிப் பால் அடுப்பில் போய்விடுகிறது. கைப்பழக்கம் உள்ளவர் அந்த இரண்டு வினாடியை நம்பியிருப்பதில்லை. பெரிய சட்டியாக எடுக்கிறார், விறகை முன்னமே இழுத்துவிடுகிறார், கரண்டியைக் குறுக்கே வைக்கிறார்.

உடம்பைக் குறைக்கவும் சீனி வருத்தத்தைத் தள்ளி வைக்கவும் நமக்கு வேண்டிய மனக்கட்டுப்பாடும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆசை விளிம்புக்கு வந்தபின் அதோடு மல்லுக்கட்டுவது மிகக் கடினம். வெற்றி பெறுகிறவர்கள் அதற்கு முன்னமே காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

கண்டி வாவிக் கரைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த அந்த வாவியை ஒரு சுற்று வந்தால் மூன்று கிலோமீற்றருக்கு மேல். குளிரில் மப்ளர் கட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடும் விடாமல் நடக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் சுற்று முடியும் இடத்தில் தலதா வீதி. சூடான பணிஸ், ரோல்ஸ், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டிஸ், கூடவே மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. சிறுகரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று பிளேன்டீ குடித்தால் 36 கிராம். சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தேத்தண்ணியிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

ஏன் கால் அந்தப் பக்கம் திரும்புகிறது? இந்த இடம், இந்த நேரம், இந்த வாசனை என்றால் இனிப்பு வரும் என்று மூளை பழகிவிட்டது. கடை கண்ணில் படுமுன்னமே வேட்கை சூடேறத் தொடங்கிவிடுகிறது. வெறும் வயிறும் குறைந்த தூக்கமும் சேர்ந்தால் சட்டி சிறிதாகிவிடுகிறது. கொஞ்சச் சூட்டுக்கே பொங்கும். தூக்கம் குறைந்தவர்கள் மறுநாள் கூடுதலாகச் சாப்பிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பெரிய சட்டி என்பது, நேரத்துக்குப் படுப்பதும், நடக்கப் போகுமுன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுவதும்.

விறகை இழுப்பதுதான் இதில் முக்கியம். ஜேர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இருநூறுக்கு மேற்பட்டவர்களிடம், நாளில் பல தடவை, இப்போது என்ன ஆசை, அதோடு போராடுகிறீர்களா என்று கேட்டார்கள். 2012இல் முடிவு வந்தது. மனக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் அதிகம் போராடியிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்களுக்குப் போராட்டமே குறைவாக இருந்தது. சபலம் வரும் இடத்துக்கே அவர்கள் குறைவாகப் போகிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளங்கிக்கொண்டார்கள். கண்டியில் இதன் பொருள், நடையைச் சங்கராஜ மாவத்தைப் பக்கமாக முடித்துக்கொண்டு வீடு திரும்புவது. வீட்டில், சீனிப் போத்தலை மேசையிலிருந்து எடுத்து மேல் தட்டில் வைப்பது. 2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் உள்ளன. சிவப்பு இருந்தால் வாங்காமலே வந்துவிட்டால், இரவில் குளிர்சாதனப்பெட்டிக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

உளவியலாளர் வோல்ட்டர் மிஷேல் 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் சிறு பிள்ளைகளுக்கு முன்னால் இனிப்பை வைத்துச் சோதித்தபோதும் இதையே கண்டார். இனிப்பையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சீக்கிரம் தோற்றார்கள். கண்ணை மூடியவர்கள், பாட்டுப் பாடியவர்கள், இனிப்பு கண்ணில் படாமல் மறைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள், கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை செய்ததை நாமும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறுக்கே வைக்கும் கரண்டி என்று நான் சொல்வது, முன்கூட்டியே எடுத்த தீர்மானத்தை. ‘இனி ஒழுங்காக நடப்பேன்’ என்பது போதாது. ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று சொல்லி வைத்தவர்கள் கூடுதலாகச் செய்து முடிப்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டினார். கண்டியில் பின்னேரம் நடக்க நினைப்பவருக்கு மழைதான் எதிரி. ஐப்பசியில் மதியம் வெயிலடிக்கும், நாலு மணிக்கு இடியோடு கொட்டும். மழை வந்தால் சூடாக வடை கேட்கும் நாக்கு. ‘மழை பெய்தால் வீட்டுப் படிக்கட்டில் இருபது தடவை ஏறி இறங்குவேன்’ என்று காலையிலேயே சொல்லி வைத்தவர் அப்போது யோசிக்க வேண்டியதில்லை. சரிவில் கட்டிய வீடுகளுள்ள ஊரில் படிக்கட்டுக்கா பஞ்சம்!

எவ்வளவு காலம் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். தைப்பொங்கலன்று நடக்கத் தொடங்கினால், ஒருவருக்குத் தை முடியுமுன் கைவந்துவிடும். இன்னொருவருக்குப் பெரஹராவும் முடிந்து புரட்டாசி பிறந்துவிடும். இருவருமே சரியாகத்தான் செய்கிறார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பேரப்பிள்ளையின் பிறந்தநாளன்று கேக் சாப்பிட்டவர், மறுநாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் போனால் போதும்.