இரத்தக் குழாய்களும் உடலின் காவற்படையும்

மார்பு வலி என்று படுத்தவர் பொழுது விடிவதற்குள் மாண்டார் என்னும் செய்தி இன்று கிராமங்களிலும் கேட்கப்படுகிறது. இதற்குக் கொழுப்பே காரணம் என்பர் பலர். ஆனால் நம்மைக் காக்கும் உடலின் காவற்படைக்கும் இதில் பங்குண்டு என மருத்துவ ஆராய்ச்சி தெளிவாக்கியுள்ளது.

இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். அவற்றின் உட்புறத்தே ஒரே உயிரணுவின் பருமனுள்ள மெல்லிய உறை உண்டு. கரை செம்மையாயிருக்கும் வரை வாய்க்காலில் நீர் தடையின்றி ஓடுவது போல, இவ்வுறை பழுதுபடாத வரை இரத்தமும் சீராக ஓடும். பீடி, சுருட்டு, சிகரெட்டின் புகை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை இவ்வுறையைப் புண்படுத்துகின்றன. அப்போது இரத்தத்திலுள்ள கொழுப்பு சுவரினுள் கசிந்து தங்குகிறது.

உடனே உறை அபாயக் குறிப்பு விடுக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் விரைந்து வந்து கொழுப்பை விழுங்குகின்றன. கிருமியாயின் அழிந்திருக்கும், கொழுப்போ எளிதில் கரைவதில்லை. அளவுமீறி விழுங்கிய அணுக்கள் அங்கேயே மடிய, அவற்றை அகற்ற வேறு அணுக்கள் வருகின்றன. இவ்வாறு பல்லாண்டுகளில் சுவரில் ஒரு மேடு எழும்பி, அதன்மேல் நாராலான மூடி அமைகிறது. வெள்ளணுக்கள் சுரக்கும் பொருள்கள் அம்மூடியை அரிக்கின்றன. அது பிளந்தால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். இருதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம்.

முன்பே மாரடைப்புக் கண்ட 10,000க்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. அழற்சியைத் தணிக்கும் ஊசிமருந்தை 150 மில்லிகிராம் அளவில் பெற்றோரிடம், கொழுப்பு குறையாதிருந்தும், மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஏறத்தாழ 15 சதவிகிதம் குறைந்தன. ஆயினும் மருந்து பெற்றோரிடையே உயிர்போக்கும் தொற்றுநோய்கள் சற்றே மிகுந்தன. காவலனைக் கட்டிப்போட்டால் கள்வன் நுழைவான் அன்றோ? ஆகவே காவற்படையை அடக்குவதினும், புண் உண்டாகாமல் தடுப்பதே நமக்கு ஏற்ற வழி.

வயலில் உழைப்பவனுக்கு இந்நோய் வாராது என்று எண்ணுதல் தவறு. உழைப்பு நன்மையே; ஆனால் பீடிப் புகையின் தீங்கை அது போக்கிவிடாது. இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. எனவே வலியில்லை என்று மாத்திரையை நிறுத்தலாகாது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டிற்கே வந்து இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சோதித்து மருந்தும் தருகின்றனர். மார்பு வலி கண்டால் வாயு என்று சோடா குடித்துக் காலம் போக்காமல் 108க்குச் சொல்லி அழைத்தல் வேண்டும். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. தம் வார்டில் சோதனை செய்துகொள்ளாதோர் எவர், மாத்திரையை இடையில் விட்டோர் எவர் என்று வீடு வீடாக விசாரித்து அறிவார்களாக. கரை உடைந்தபின் மண் கொட்டுவதைவிட, உடையாமல் காப்பதன்றோ உழவன் அறிந்த முறை?