தேத்தண்ணிச் சூடே போதும்

குவளை நிறையக் கொதிக்கும் தேத்தண்ணி. அதன் வாய்மேல் உள்ளங்கை அகல இன்ஜின் ஒன்றை வைத்து, சிறிது சூடேறியதும் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும். தேத்தண்ணி ஆறும்வரை அது சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோல் வேண்டாம், பேட்டரி வேண்டாம். போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்ட நாள்முதல் தேயிலையோடு வாழும் கேமரன் மலைக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் எனக்குத் தெரிந்து இல்லை.

இது ஸ்டெர்லிங் இன்ஜின். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்றது. கீழே சூடான தகடு, மேலே குளிர்ந்த தகடு, இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று. உள்ளே லேசான நுரைத்தட்டு ஒன்று ஏறி இறங்கும். அது மேலே போனால் காற்று கீழ்த்தகட்டுக்கு வந்து, சூடாகி விரிந்து, பிஸ்டனைத் தள்ளும். தட்டு கீழே வந்தால் காற்று மேலே ஒதுங்கி, குளிர்ந்து சுருங்கும், பிஸ்டனும் திரும்பிவிடும்.

வீட்டு லேத்தில் மாதிரி இன்ஜின் கடைபவர்கள் பலர் இதை விரும்பக் காரணம் உண்டு. நீராவி இன்ஜின் என்றால் பாய்லர் வேண்டும்; அழுத்தம் ஏறிய பாய்லர் சிறியதானாலும் ஆபத்தானது. பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறியும் கார்புரேட்டரும் வேண்டும். தவிர, எந்த இன்ஜினையும் பாதி அளவுக்குச் சுருக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகும், மேற்பரப்போ நான்கில் ஒன்றுதான் ஆகும். அதனால் குட்டிப் பெட்ரோல் இன்ஜினில் சூடு சுவர் வழியே ஓடிவிடுகிறது. ஸ்டெர்லிங்குக்கு அதுவே அனுகூலம்: சூடு சுவர் வழியேதான் உள்ளே வரவேண்டும்.

குறைந்த சூட்டில் ஓடும் வகையை 1980களில் குரோஷியாவின் இவோ கோலினும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் சென்ஃப்டும் வளர்த்தெடுத்தார்கள். சென்ஃப்டின் ஓர் இன்ஜினுக்கு அரை டிகிரி வித்தியாசமே போதுமாயிருந்தது.

கேமரன் மலையின் தானா ராத்தா ஊரில் தேத்தண்ணி இன்ஜின் எப்படி ஓடும்? சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. மலைக்குக் கீழே ஈப்போ நகரில் 100-க்கும் 33-க்கும் இடையே 67தான். ஆக, குளிரால் மலைக்கு 12 சதவீத லாபம். ஆனால் மலையில் காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. இன்ஜினுக்குள் வேலை செய்வதும் அந்தக் காற்றுதான். குளிர் கொடுத்ததை உயரம் பறித்துக்கொள்கிறது!

கையில் கிடைக்கும் சக்தி சொற்பம் என்பதால், உராய்வு கொஞ்சம் கூடினாலும் இன்ஜின் நின்றுவிடும். எண்ணெயும் விடமுடியாது, அதன் பிசுபிசுப்பே பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கண்ணாடிக் குழாயில் கிராஃபைட் பிஸ்டன் போடுவார்கள். குழாயை நிமிர்த்தி, அடிவாயை விரலால் பொத்தினால் பிஸ்டன் அந்தரத்தில் நிற்கவேண்டும். விரலை எடுத்ததும் தங்குதடையின்றி வழுக்கி இறங்கவேண்டும். இரண்டும் நடந்தால் வேலை சுத்தம். லேத்காரர்களின் நெஞ்சைத் தொடுவது இந்தப் பரீட்சைதான் என்பது என் எண்ணம்.

பெரிய அளவிலும் முயன்றிருக்கிறார்கள். 1980களில் சென்னையின் ஸ்டெர்லிங் டைனமிக்ஸ் நிறுவனம், உமியை எரித்து ஓட்டக்கூடிய 5 குதிரைத்திறன் எஸ்.டி.-5 இன்ஜினைத் தயாரித்தது. அதே எடைக்கு டீசல் இன்ஜின் பல மடங்கு சக்தி தரும் என்பதால் வயலிலும் ஆலையிலும் இந்த வகை வேரூன்றவில்லை. மேசைமேல் சுற்றும் குட்டி இன்ஜினிடம் யாரும் குதிரைத்திறன் கேட்பதில்லை.