குரலொலித் திரிபு

மக்கள் மிடற்றினின்று எழும் பாட்டைப் பிறந்தவாறே பிடித்து வைத்தலே ஒலிப்பதிவுக் கலையின் நோக்கமென நெடுநாள் கருதப்பட்டது. இற்றைநாளிலோ, தூய்மையாகப் பதிந்த குரலை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் வழக்கம் இளைஞரிடைப் பெருகியுள்ளது. இதனை அன்னார் டிஸ்டார்ஷன் என வழங்குவர். யாம் திரிபு என்போம். திருநீர்மலை, பம்மல், தாம்பரம் முதலிய இடங்களில் ஒரு கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன் ஆகிய மூன்றே கொண்டு வீட்டறையிற் பாட்டமைக்கும் மாணவர்க்கு இஃது எளிதிற் கிட்டும் ஒரு பொத்தான். ஆயின் அப்பொத்தானை அழுத்திய பின்னர்ப் பாட்டின் சொல் செவிக்கு எட்டாதொழிதலைப் பலகாலும் கேட்கின்றோம். சொல் கெடாமற் குரலைத் திரிப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

நன்னூலார் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர். ஒலித்திரிபில் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. மைக்கில் வீழ்ந்த குரல் மின்னலையாக மாறுகின்றது. அவ்வலையை ஒரு கருவி தாங்கும் அளவுக்கு மேற் பெருக்கினால், அலையின் முகடுகள் உச்சவரம்பில் முட்டித் தட்டையாகின்றன. முகடு கெட்டது, வடிவு திரிந்தது, அதன் பயனாக முன்னில்லாத ஒலிகள் தோன்றின. ஒருவர் 200 ஹெர்ட்ஸ் சுருதியில் ஓர் எளிய ஒலியை எழுப்பினாரெனக் கொள்வோம். முகடும் பள்ளமும் ஒத்த அளவில் வெட்டுண்டால் 600, 1000, 1400 என ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கும். ஒருபுறம் மிகுதியாக வெட்டுண்டால் 400, 800 முதலிய இரட்டைப்படை மடங்குகளும் உடன் சேரும். 400 என்பது 200க்கு மேல் ஸ்தாயி ஆதலின் செவி அதனை இனிதாகவே ஏற்கும். பழைய வால்வுப் பெருக்கிகளும் காந்த நாடாவும் முகட்டைத் திடுமென வெட்டாது மெல்ல வளைத்தன. அவற்றின் திரிபில் ஒருவகைக் கனிவு உண்டென்பர். கணினிப் பதிவோ வரம்பைத் தாண்டிய அளவிலேயே கத்தரித்தாற்போல் வெட்டிவிடும்.

இவ்விடத்து ஓர் இடர் உளது. நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் பதிவில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கு இடமில்லை. திரிபினாற் பிறந்த மடங்கொன்று அவ்வெல்லையைக் கடந்தால் அது மறையாது. கீழ்நோக்கி மடங்கி வந்து, சுருதியோடு ஒட்டாத கீச்சொலியாக நிற்கும். ஆகலின் நல்ல மென்பொருள்கள் மாதிரி எண்ணிக்கையை உள்ளேயே பன்மடங்காக்கித் திரித்துப் பின் குறைக்கின்றன. ஓவர்சாம்ப்ளிங் என அவ்வசதி குறிக்கப்பட்டிருப்பின் அதனைத் திறந்து வைத்தல் நலம்.

இக்கலை பழுதினின்று பிறந்தது என்பது வியப்புக்குரியது. 1951-இல் வெளிவந்த 'ராக்கெட் 88' என்னும் அமெரிக்கப் பாட்டிற் கித்தார் கரகரத்தமைக்குச் சேதமுற்ற பெருக்கியே காரணம். 1961-இல் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் ஒர்ரி'யில் ஒலிமேசையின் ஒரு தடம் பழுதுற்றமையாற் பிறந்த ஒலியைக் கேட்டோர் விரும்பினர். குரலுக்கு வருவோமாயின், 1967-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 'ஐ ஆம் தி வால்ரஸ்' பாட்டில் தம் குரலைப் பெருக்கியின் வரம்பு மீறச் செலுத்துவித்தார். 1969-இல் கிங் கிரிம்சன் குழுவினரின் முதல் இசைத்தட்டிலும் இவ்வாறு திரித்த குரல் உண்டு. 2001-இல் ஸ்ட்ரோக்ஸ் குழுவின் பாடகர் பயிற்சிக்குரிய ஒரு சிறு கித்தார்ப் பெருக்கியின் வழியே பாடினார். கையிற் பணமில்லாத மாணவர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

தமிழர் செவிக்கோ திரிந்த குரல் புதிதன்று. 1902-இல் கெய்ஸ்பெர்க் என்பார் கல்கத்தா வந்து இசைத்தட்டுப் பதிவைத் தொடங்கிய காலை, மின்சாரம் அக்கலைக்குட் புகவில்லை. பாடுவோர் ஒரு புனலினுட் பாடினர். ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அத்தட்டுகளிற் பெரிதும் பதியவில்லை. பின்னர் ஊர்தோறும் மரக்கிளையிற் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வந்தது. அது தாழ்ந்த ஒலியைச் சொரியாது. இடையொலியை மட்டும் உந்தி நெடுந்தொலைவு எறியும். மிகையாக முடுக்கினால் உடைந்து கரகரக்கும். திருவிழாவின் வைகறைப் பாட்டும் தேர்தற் கூட்டத்தின் முழக்கமும் நமக்கு இவ்வடிவிலேயே பழகியுள்ளன. மேனாட்டார்க்குக் கரகரத்த குரல் கித்தாரை நினைவூட்டுமாயின், நம்மனோர்க்குத் திருவிழாக் குழாயை நினைவூட்டும். நம் வீட்டுக் கலைஞர் மேனாட்டு மாதிரிகளையே தேடி அலைவானேன்? குரலின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை அரித்து, அதன்பின் திரித்தால் அக்குழாயின் சாயல் கிட்டும். பழைய தொலைபேசியின் எல்லையும் அதுவே.

வீட்டிலிருந்தே உயர்ந்த பதிவு செய்யலாகும் என்பதற்கு நம் நகரமே சான்று. ஏ. ஆர். ரகுமான் 1989-இற் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டிப் பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை அங்குப் பிறந்தது. 1994-இல் அவர் இசையமைத்த 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்' பாட்டில் தேனி குஞ்சரம்மாளின் குரல் ஒலிக்கின்றது. அம்மையாரின் திறந்த மிடற்றில் இயல்பாகவே உரம் இருந்தது. தெருக்கூத்துக் கலைஞரும் இத்தகையரே. அன்னோர் குரலுக்குக் கருவித் திரிபு வேண்டுவதில்லை என்பது எம் துணிபு.

இனிச் சொல்லுக்கு வருவாம். தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என உறுப்புகளின்மேல் வைத்து விளக்கினார். நாவின் நிலை மாறும்போது ஒலியின் எந்த மடங்குகள் ஓங்குகின்றன, எவை அடங்குகின்றன என்பதும் மாறும். அதனாலேயே செவி எழுத்தை அறிகின்றது. வாலை, வாளை, வாழை என்னும் மூன்றையும் பிரித்துக் காட்டும் நுண்மை பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் உறைகின்றது. திரிபினாற் புதிதாய்ப் பிறக்கும் மடங்குகள் மிகுதியாகக் குவிவதும் அங்கேதான். ஓங்கலும் அடங்கலும் ஒருமட்டமாகிவிட்டால் ழகரமும் ளகரமும் ஒன்றாகும்.

வல்லொற்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பட்டம் என்பதில் டகர ஒற்றுக்கு நா அண்ணத்தை அடைத்து நிற்கும் சிறுபொழுது மௌனம். அம்மௌனமே அதனைப் படம் என்பதினின்று பிரிக்கின்றது. திரிபு மெலிந்த ஒலிகளை உயர்த்துவதாகலின் அம்மௌனத்தைத் தூர்த்துவிடும். குரலுக்கு 50 டெசிபல் கீழே கிடந்த அறை இரைச்சல், 20 டெசிபல் பெருக்கி முகட்டை வெட்டிய பின் 30 டெசிபல் கீழே வந்து நிற்கும். திருநீர்மலையில் இஃது ஏட்டுச்சுரைக்காய் அன்று. மீனம்பாக்கத்து விமானங்கள் தொலைவில் இல்லை. தாம்பரம், மதுரவாயில் புறவழிச்சாலையில் லாரிகள் இரவும் ஓய்வதில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திப் பாடுவோர் அரியர். ஆகவே திரிக்கக் கருதிய பாட்டை நள்ளிரவுக்குப் பின், விசிறியை நிறுத்தி, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தொலைவில் வைத்துப் பதிக. பாடாத இடங்களைத் திரிபுக்கு முன்னரே கையால் வெட்டி நீக்குக. எதிரொலி சேர்ப்பதாயின் திரிபுக்குப் பின்னரே சேர்க்க. முன்னர்ச் சேர்த்தால் அதன் வாலும் திரிந்து வல்லொற்றின் இடைவெளியை அடைக்கும். சகரத்தின் சீற்றத்தையும் முன்னரே தணித்தல் வேண்டும்.

செய்முறை கடினமன்று. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். குரல் தடத்திற்கு ஒரு படி எடுத்து, மூலத்தைத் தூய்மையாகவே விடுக. படியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அரித்து, நன்கு திரித்து, பின் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூச்சலையும் அரித்து, மூலத்தினும் பத்துப் பன்னிரண்டு டெசிபல் தாழ்த்தி உடன் ஒலிக்கச் செய்க. மூலம் எழுத்தைக் காக்கும். படி சினத்தையும் ஏக்கத்தையும் தரும். சிற்சில கருவிகள் படியை இம்மியளவு தாமதிப்பிக்கும். இரு அலைகளும் நேர்நிற்கின்றனவா எனப் பெருக்கிப் பார்த்துக்கொள்க. இருவர் சேர்ந்து பாடிய பகுதியாயின் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியே திரித்தல் வேண்டும். 240, 256 ஹெர்ட்ஸில் இரு குரல்கள் ஒரே கருவியிற் புகுந்தால் 224, 272 என எந்த ராகத்துக்கும் உரிமையில்லாத ஒலிகள் இடையே முளைக்கும்.

ஒப்புநோக்குங்கால் உரப்பு ஏமாற்றும். உரத்தது எதுவோ அதுவே சிறந்ததெனச் செவி கூறுமாதலின், திரித்ததையும் திரிக்காததையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்க. பாட்டெழுதியவர் இதற்கு நடுவராகார். அவர்க்குச் சொல் முன்னரே மனப்பாடம். பாட்டை அறியாத நண்பர் ஒருவரிடம் தாளும் எழுதுகோலும் தந்து, கேட்டதை எழுதச் சொல்லுக. வாழை என்ற இடத்து வாளை என எழுதினாராயின் படியை இரண்டு மூன்று டெசிபல் தாழ்த்துக, அல்லது அதன் 2000 ஹெர்ட்ஸ் அளவிற் சிறிது குழிக்க. பட்டம் படமாயிற்றெனின் விசிறியையும் எதிரொலியையும் ஐயுறுக. ஹெட்ஃபோனிற் கேட்டபின் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் ஒருமுறை எழுதுவிக்க. தாழ்ந்த சுருதியை அக்கருவி உரக்க ஒலியாதாகலின், ஆண்குரலை அங்குத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மேல் மடங்குகளே. ஹெட்ஃபோனில் மிகையெனத் தோன்றிய திரிபு அங்கே அளவாக அமைதலும் உண்டு.