பதினைந்து நாள் தொண்டும் பச்சிளங் குழந்தைகளும்

பிறர் துயர் கண்டு உள்ளம் உருகுவது மனிதப் பிறவிக்கு உரிய பண்பு. குழந்தையின் துயரைக் காணுமிடத்து அவ்வுருக்கம் பன்மடங்காகப் பெருகும். கிறித்தவத் திருச்சபைகளில் பெருகியுள்ள ஒரு வழக்கம் இவ்வுருக்கத்தின்பாற் பிறந்ததே. விடுமுறை வந்ததும் மாணவரும் அலுவலில் உள்ளோரும் பத்துப் பன்னிருவராகச் சேர்ந்து ஏழை நாடு ஒன்றுக்குப் பயணமாகின்றனர். ஒரு வாரமோ இரு வாரமோ அங்கே தங்கி, அநாதை இல்லங்களில் பாட்டுக் கற்பித்து, வேதாகமக் கதை சொல்லி, விளையாட்டுக் காட்டி, சுவருக்கு வண்ணம் பூசி, இனிப்பு வழங்கித் திரும்புகின்றனர்.

மேனாட்டில் வேரூன்றிய இவ்வழக்கம் நம் குடும்பங்களுக்கு முற்றும் அயலானதன்று. கடல் கடந்து குடியேறிய நம் உறவினரின் பிள்ளைகளும், வடநாட்டு நகரங்களில் உள்ள தமிழ்ச் சபைகளின் இளைஞரும் இத்தகைய பயணங்களுக்கு அழைக்கப்படுகின்றனர். 'பிள்ளையை அனுப்பலாமா? அனுப்ப இயலாவிடில் பொருளேனும் கொடுக்கலாமா?' என்ற வினா நம் இல்லங்களில் எழுவது இயல்பு. அதற்கு விடை காண விழையும் பெற்றோர், எச்சமயத்தவராயினும், அறிய வேண்டிய செய்திகள் சில உள.

அங்கோர் நாட்டிலே

காம்போஜம் என்று நம் முன்னோர் வழங்கிய கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 1975 முதல் 1979 வரை அந்நாட்டை ஆண்ட கேமர் ரூஜ் கொடுங்கோலர் காலத்தில் எண்ணற்ற குடும்பங்கள் சிதைந்தன. அக்காலத்தில் தாய் தந்தையரை இழந்த சிறுவர் பலர். ஆயின் 2005-ஆம் ஆண்டளவில் அவர்கள் யாவரும் வளர்ந்து ஆளாகிவிட்டனர். எனவே, அநாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும் அன்றோ? நிகழ்ந்தது வேறு. 2005-இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-இல் 269 ஆயின. அவற்றில் வாழ்ந்த குழந்தைகளின் தொகை 6,254-இலிருந்து 11,945 ஆயிற்று. போர் ஓய்ந்து, நாடு சற்றுச் செழித்து, அங்கோர் வாட் கோயிலைக் காணப் பயணிகள் பெருகிய காலத்திலேதான் 'அநாதை'களும் பெருகினர்!

இப்புதிர்க்கு விடையை அந்நாட்டு அரசும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபும் சேர்ந்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டன. இல்லங்களில் இருந்த குழந்தைகளுள் தாய் தந்தை இருவரையும் இழந்தோர் நாலில் ஒரு பங்கினுங் குறைவு. பின்னர் 2015-இல் நாடு முழுதும் எடுத்த கணக்கில் 406 இல்லங்களும் 16,579 குழந்தைகளும் இருப்பது தெரிந்தது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதின்மர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர்.

பெற்றோர் இருக்கப் பிள்ளைகள் அநாதை இல்லத்துக்கு வருவானேன்? வெளிநாட்டார் கொண்டுவரும் நன்கொடை இல்லங்களைத் தேடியே போகின்றது. கிராமத்து வீட்டைத் தேடிப் போவதில்லை. இல்லம் நிறைந்திருந்தால்தான் நன்கொடை வரும். ஆதலின், 'உங்கள் பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு உண்டு. ஆங்கிலக் கல்வி உண்டு' என்று ஊரூராகச் சென்று சொல்வாரும் தோன்றினர். சில இல்லங்களில் பயணிகளின் உள்ளத்தைக் கரைக்கக் குழந்தைகளை நடனமாட விட்டனர். வேறு சில இடங்களில் அவர்களை வேண்டுமென்றே எளிய கோலத்தில் வைத்திருந்தனர். நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் இல்லங்கள் இல்லாமற் போகவில்லை. ஆயினும், வருவோர் மிகுதியே இல்லங்களின் மிகுதிக்கு ஒரு காரணமாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

பெற்ற பிள்ளையைப் பிறரிடம் கொடுத்த அத்தாயாரைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம்மிலும், பிள்ளை தமிழ் படிக்கட்டும் என்று பாட்டியிடம் விட்டு வந்தோர் உண்டு. மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் பள்ளி மாறிப் படிப்புக் கெடாதிருக்க விடுதியிற் சேர்த்தோர் உண்டு. அன்பு இல்லாமையாலா அவ்வாறு செய்தோம்? ஆனால் நம் பிள்ளையை யாரேனும் 'அநாதை' என்று படம் பிடித்து ஊர் ஊராகக் காட்டினால் நாம் பொறுப்போமா?

ஹைட்டி நாட்டில் நிகழ்ந்தது

நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று கருதுவோர் 2010-ஆம் ஆண்டு ஹைட்டி நாட்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு ஜனவரி 12-ஆம் நாள் பெரும் பூகம்பம் ஒன்று அந்நாட்டுத் தலைநகரைத் தரைமட்டமாக்கிற்று. அமெரிக்க நாட்டு ஐடஹோ மாநிலத்தின் பாப்டிஸ்டு சபைகளைச் சார்ந்தோர் பெரும்பான்மையாக இருந்த பதின்மர் குழு ஒன்று, அநாதைகளைக் காக்கும் நோக்கத்தோடு அங்கே சென்றது. அவர்கள் 33 குழந்தைகளைத் திரட்டி, அண்டை நாடாகிய டொமினிக்கன் குடியரசுக்குப் பேருந்தில் கொண்டு செல்ல முயன்றனர். உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமையால் ஜனவரி 29-ஆம் நாள் எல்லையிலே கைது செய்யப்பட்டனர்.

பின்னர் விசாரித்தபோது, அக்குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குப் பெற்றோர் இருந்தமை வெளியாயிற்று. 'கல்வி தருவோம், நீங்கள் வந்து பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பியே தாய்மார் பிள்ளைகளைக் கொடுத்திருந்தனர். பதின்மருள் எண்மர் பிப்ரவரி 17-ஆம் நாள் விடுவிக்கப்பட்டனர். குழுவின் தலைவி சட்டத்துக்கு மாறான பயணத்தை ஏற்பாடு செய்த குற்றத்துக்குத் தண்டனை பெற்று, சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு, மே மாதம் விடுதலையானார். குழந்தைகளுள் மிகப் பலர் வீடு சேர்ந்தனர். அக்குழுவினருள் பலர் இரக்கம் ஒன்றாலேயே போனவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், 'இக்குழந்தையின் தாய் எங்கே?' என்ற முதற் கேள்வி செவ்வையாகக் கேட்கப்படவில்லை.

குழந்தையின் கணக்கு

இனி, இல்லத்தில் இருக்கும் குழந்தையின் பக்கம் நின்று பார்ப்போம். விருந்தினர் வாசலில் வந்து இறங்கியதும் சிறு குழந்தைகள் ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்ளும். முன்பின் அறியாதவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வந்தவர்கள், 'எத்துணை அன்பு!' என்று கண்ணீர் உகுப்பர். நம் வீட்டுக் குழந்தை அவ்வாறு செய்யுமா? புதியவரைக் கண்டால் தாயின் முன்றானையிற் புகுந்து மறைந்துகொள்ளும். நிலைத்த ஒருவரது அரவணைப்பு இல்லாத குழந்தையே வேற்றுமை பாராது எவரையும் பற்றிக்கொள்ளும் என்று உளநூலார் கூறுகின்றனர். விருந்தினர் மகிழும் அக்காட்சி உண்மையில் ஒரு குறைபாட்டின் அடையாளமாக இருத்தல் கூடும்.

ஜான் பௌல்பி என்ற ஆங்கில மருத்துவ அறிஞர், உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கையிலேயே, தாய் போன்ற ஒருவரது இடையறாத அன்பு குழந்தையின் மன நலத்துக்கு இன்றியமையாதது என்று வற்புறுத்தினார். ருமேனியாவின் தலைநகராகிய புகாரெஸ்டில் அமெரிக்க அறிஞர்கள் நடத்திய நீண்ட கால ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கிற்று. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். குடும்பத்திற் சேர்ந்தவர்களின் அறிவும் மனமும் மற்றவர்களினும் நன்கு வளர்ந்தன. இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தவர்கள் மிகுந்த பயன் பெற்றனர்.

பதினைந்து நாள் தொண்டருக்கு அப்பயணம் ஒருமுறை நிகழ்வது. குழந்தைக்கோ அது ஆண்டுக்குப் பலமுறை. ஒரு குழு போகும். அடுத்த குழு வரும். 'மறவோம்' என்று சொல்லிச் சென்ற அண்ணனும் அக்காளும் திரும்பி வாரார். பிரிவையே பாடமாகப் படிக்கும் அப்பிஞ்சு உள்ளத்துக்கு இனிப்பும் பொம்மையும் ஈடாகுமா?

தோனாவூர் அம்மையார்

அயல் நாட்டார் குழந்தைகளுக்குத் தொண்டு செய்தலே கூடாது என்பது நம் கருத்தன்று. நம் திருநெல்வேலிச் சீமையிலேயே அதற்கு மாறான சான்று உள்ளது. அயர்லாந்தின் வட பகுதியில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியா வந்தார். வந்தவுடன் செய்த முதற் பணி தமிழ் கற்றது. கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படும் நிலையில் இருந்த சிறுமி ஒருத்தி 1901-இல் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் தோனாவூரில் அவர் நிறுவிய இல்லத்தில் குழந்தைகள் பலர் வளர்ந்தனர். புடைவை உடுத்து, அவர்கள் 'அம்மா' என்றழைக்க வாழ்ந்தார். 1931-இல் கீழே விழுந்து காயமுற்று, அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தும் அவ்விடம் விட்டு அகன்றாரல்லர். 1951 ஜனவரி 18-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை.

அவருடைய சமயக் கொள்கையை ஏற்போரும் இருப்பர், ஏலாதாரும் இருப்பர். ஆனால், குழந்தை 'அம்மா' என்றழைத்த பின் அவர் நீங்கவில்லை என்பதை யாரும் மறுக்கார். குழந்தைத் தொண்டின் உரைகல் இதுவே.

செய்யத் தக்கன

உலகம் இவ்வுண்மையை இப்போது உணரத் தொடங்கியுள்ளது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, அநாதை இல்லங்களில் நடைபெறும் சுற்றுலாத் தொண்டினால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு நாடுகளை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. கிறித்தவ அமைப்புகள் பலவும், இல்லத்துக்கு ஈந்த பொருளைக் குடும்பத்துக்குத் திருப்பும் வழிகளை ஆராய்ந்து செயற்படுத்துகின்றன.

ஆகவே, அழைப்பு வரும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அங்கே குழந்தைகளை ஆண்டு முழுதும் வளர்ப்போர் யார்? குழந்தைகளுக்குப் பெற்றோர் உளரா? அவர்களை வீடு சேர்க்க அவ்வில்லம் முயல்கின்றதா? அரசின் பதிவு உண்டா? நம் பிள்ளைகள் சென்றால் குழந்தையோடு கொஞ்சுவதா, அன்றி அங்குள்ள ஆசிரியர்க்கும் செவிலியர்க்கும் துணை நிற்பதா? நேபாளம் செல்வோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். அந்நாட்டின் 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பு மதம் மாற்றுதலைத் தடை செய்கின்றது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியற் சட்டத்தின்படி அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அயல் நாட்டாராயின், தண்டனை முடிந்தபின் நாடு கடத்தப்படுவர். எல்லை தாண்டக் கடவுச்சீட்டு வேண்டாமே என்று எண்ணி, சட்டம் அறியாத இளைஞரை அனுப்புதல் தகாது.

தொண்டு செய்ய விழைவோர்க்குக் கடல் கடக்காமலே ஒரு பணி காத்திருக்கின்றது. ரயில்வேயில் ஊழியம் செய்யும் நாம் நாள்தோறும் காணும் காட்சி, துணையின்றி நிலைய மேடையில் இறங்கி நிற்கும் சிறுவர். வீட்டை விட்டு ஓடி வந்தவரும், வழி தவறியவரும், வேலைக்கென்று அழைத்து வரப்பட்டவரும் அவர்களுள் இருப்பர். அவர்களைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, ரயில்வேயின் 139 என்ற எண்ணுக்கோ தெரிவிக்கலாம். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி அத்தகைய குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோரிடம் மீண்டும் சேர்ப்பித்தலே அச்சட்டத்தின் தலையாய நோக்கம்.

அங்கேதான் நம் சங்கத்தின் உதவி தேவைப்படுகின்றது. தமிழ் மட்டுமே அறிந்த சிறுவன் ஒருவன் வடநாட்டு நிலையத்தில் நிற்கும்போது, ஊர்ப் பெயரைக்கூட அவனால் பிறர்க்கு விளங்க உரைக்க இயலாது. ஒவ்வொரு நகரத்துத் தமிழ்ச் சங்கமும், மொழிபெயர்த்து உதவ வல்ல உறுப்பினர் நால்வர் ஐவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்து வைக்கலாம். வறுமையால் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப எண்ணும் ஏழைத் தாய்க்கு, 'மிஷன் வாத்சல்யா' என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் மூலம் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கோர வழி உண்டென்பதை எடுத்துக் கூறி, விண்ணப்பம் எழுதித் தரலாம். இவற்றுக்குப் படம் எடுப்பாரும் இரார். மாலையிட்டு வரவேற்பாரும் இரார். ஆயினும், ஒரு குழந்தை தன் வீட்டு வாயிலை அடையும். இவ்வாண்டு விடுமுறைக்கு முன்னரே நம் சங்கங்கள் கூடி இதற்கான பெயர்ப் பட்டியலை எழுதி முடிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.